பாய்மரத்தின் அடியில் ஒரு மின்மோட்டார்

கடலும் எரிபொருளும் – 6

2022 ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவோடு ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முந்திய மாதங்களில் விலையைப் பற்றிப் பேசவே இடமிருக்கவில்லை. கையில் காசு இருந்தவருக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய ஃபைபர் படகுகளும் டீசலில் ஓடும் பலநாள் படகுகளும் ஒரேயடியாக முடங்கின. எண்ணெய்க் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே காசுக்காகக் காத்து நின்றால் முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் உலை கொதிக்காது என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் காட்டிவிட்டது. ஆகவே படகின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பூட்டலாமா என்ற கேள்வி நியாயமானது, அவசரமானதும்கூட. அந்தக் கேள்விக்கான என் பதிலில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பாய் உள்ள படகில், அல்லது பாய்மரப் படகைப்போல மெதுவாக, குறுகிய தூரம் ஓடச் சம்மதிக்கும் படகில் மின்மோட்டார் சிறப்பாக வேலை செய்யும். டீசல் செய்த அதே வேலையை அதே வேகத்தில் அதே தூரத்துக்குச் செய் என்று கேட்டால் அது தோற்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவர் ஏமாறுவார். முதலில் வாங்கிய பத்துப் பேர் ஏமாந்தால், இந்தக் கரையில் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மின்மோட்டாரைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. என் கவலை அதுதான்.

நம் கடலில் பாய் ஒதுங்கியது வெகுகாலத்துக்கு முந்திய கதை அல்ல. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாயை நம்பியே ஓடின. புறக்கோட்டைக் கடைகளின் வெங்காயமும் மிளகாயும், நம் வீடுகளின் கூரையில் ஏறிய ஓடுகளும் அப்படி வந்தவைதான். சோளகம் சீறும் மாதங்களில் தோணியைக் கட்டிவைப்பார்கள். கடல் தணிந்தபின் மறுபடி பாய் ஏறும். மீன்பிடியில் மாற்றம் முன்னதாகவே வந்துவிட்டது. 1958இல் அரசு மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணைமுறையில் வழங்கத் தொடங்கியது. வள்ளங்களின் பின்புறத்தில் வெளியிணைப்பு எஞ்சின் ஏறியதும் அந்தக் காலகட்டத்தில்தான். எஞ்சின் வென்றதற்குத் தக்க காரணம் இருந்தது. காற்று விழுந்த நாளிலும் தொழிலுக்குப் போகலாம். மற்றவருக்கு முந்திக் கரை சேர்ந்து ஏலத்தில் நல்ல விலை பார்க்கலாம். அலை உடையும் இடத்தை ஒரே மூச்சில் தாண்டலாம். பாயைக் கைவிட்டவர்கள் அறியாமையால் கைவிடவில்லை. அவர்கள் வாங்கியது நேரத்தை. அந்த நேரத்துக்குரிய விலை பல ஆண்டுகள் மலிவாக இருந்தது, 2022இல் திடீரென்று மலிவாக இல்லாமல் போனது. இதற்கிடையிலும் நீர்கொழும்பில் பக்கமிதவை கட்டிய ஒருவா ஓடங்கள் அகன்ற பாய் விரித்து இன்றும் இறாலுக்கு வலை இழுக்கின்றன. அந்த வேலைக்கு வேகம் தேவையில்லை. நிதானமான ஒரே இழுவை போதும். அதைக் காற்று இலவசமாகத் தருகிறது.

இனி அடிப்படைக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இந்த விவாதத்தில் பெரும்பாலான குழப்பம் கணக்குப் பார்க்காததால் வருவது. ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ 10 அலகு ஆற்றல் இருக்கிறது. மின்சார சபையின் பட்டியலில் நாம் பார்க்கும் அதே அலகுதான். சிறிய படகு எஞ்சின் அதில் கால்பங்கை, மிஞ்சினால் முப்பது சதவீதத்தை, சுழலும் தண்டுக்குக் கொடுக்கும். மீதி வெப்பமாகப் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் போய்விடும். மின்மோட்டார் பெற்றதில் எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதத்தைத் தண்டுக்குக் கொடுத்துவிடும். எனவே ஒரு லீற்றர் டீசல் செய்யும் வேலையை மூன்று அலகு மின்சாரம் செய்துவிடும். இதுவரை மின்சாரத்தின் பக்கம் வெற்றி. ஆனால் அந்த மூன்று அலகை எதில் கொண்டுபோவது? இன்று படகுகளுக்கு ஏற்றதெனக் கருதப்படும் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று பற்றரியில் பெட்டி, கம்பி எல்லாம் சேர்த்து ஓர் அலகுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ வரும். ஒரு லீற்றர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்கு ஈடான பற்றரி இருபத்தைந்து கிலோவைத் தாண்டும். முப்பது அடிப் பாய்ப்படகு ஒன்றின் 100 லீற்றர் தாங்கிக்கு ஈடாகப் பற்றரி ஏற்றினால் இரண்டரைத் தொன் வரும். படகின் மொத்த எடையே நாலு, ஐந்து தொன்தான். தாங்கிக்குத் தாங்கி என்று ஒப்பிட்டால் மின்சாரத்துக்கு வழியே இல்லை. 'சார்ஜ் ஏற்றினால் டீசலைப்போலவே ஓடும்' என்று சொல்லி விற்பவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேட்டாலே போதும்.

தாங்கியை விட்டுவிட்டு வேகத்தைப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. தண்ணீரைப் பிளந்து போகும் படகு தன் வேகத்தைச் சற்றுக் கூட்டுவதற்கே மிகுந்த வலுவைச் செலவிட வேண்டும். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் வலு ஏறத்தாழ எட்டு மடங்காகும். படகு தானே எழுப்பும் அலையின் நீளம் படகின் நீளத்தை நெருங்கும்போது நிலைமை இன்னும் மோசம். அதற்குமேல் எஞ்சின் படகைத் தன் அலையின் மேல் ஏற்றுவதற்கே எண்ணெயைக் கொட்டுகிறது. நாலு, ஐந்து தொன் எடையுள்ள பாய்ப்படகு அமைதியான நீரில் மணிக்கு 4 கடல் மைல் போக இரண்டு கிலோவாற்று அளவு போதும். 6 கடல் மைலுக்கு எட்டு, ஒன்பது கிலோவாற்று வேண்டும். 10 அலகு பற்றரியில் 8 அலகைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், மெதுவாகப் போகிறவர் நாலு மணித்தியாலத்தில் 16 கடல் மைல் போவார். அது கொழும்புத் துறைமுகத்திலிருந்து நீர்கொழும்பு சேரும் தூரம். அவசரப்படுகிறவரின் பற்றரி ஒரு மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். அவர் ஆறு மைல்கூடப் போயிருக்க மாட்டார். மின்சாரப் படகின் எல்லையைத் தீர்மானிப்பது பற்றரியின் அளவைவிட ஓட்டுகிறவரின் கைதான். இது மின்சாரத்தோடு பிறந்த ஞானமும் அல்ல. 1970களின் எண்ணெய் அதிர்ச்சிகளுக்குப் பிறகு, 1979இல் சென்னையைத் தலைமையகமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக நோர்வேப் படகு வடிவமைப்பாளர் குல்பிரான்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இல் ஒரு கைநூல் எழுதினார். வேகத்தைக் குறை, அடிப்பகுதியைப் பாசியின்றி வை, பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்று, காற்று இருந்தால் பாய் போடு: அவர் சொன்னவற்றின் சாரம் இவ்வளவுதான். டீசலுக்காக எழுதப்பட்ட அந்த அறிவுரை நாற்பது ஆண்டுகள் கழித்து மின்மோட்டாருக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. டீசலில் அதை மீறியவருக்குப் பணம்தான் நட்டம். மின்சாரத்தில் மீறினால் கரை சேர முடியாது.

பாய்ப்படகில் டீசல் எஞ்சின் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். துறைமுக வாயைக் கடந்து வெளியே வர இருபது நிமிடம், திரும்பி வரும்போது இன்னொரு இருபது நிமிடம், காற்று விழுந்த இடத்தில் சிறிது நேரம். மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும் சுமை. டீசல் எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதலான வாழ்க்கை இல்லை. சூடேறுவதற்குள் நிறுத்தப்படுகிறது, பாரமில்லாமல் மெல்ல ஓடுகிறது, எரியாத கரி உருளைக்குள்ளும் புகைபோக்கியிலும் படிகிறது, நாட்கணக்கில் ஓடாத தாங்கிக்குள் ஈரம் இறங்கிப் பாசிபோன்ற கசடு வளர்கிறது. அவசரமான தருணத்தில் திறப்பைத் திருகும்போது அது இருமுவதற்கு இதுவே காரணம். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சினின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அதைப் பெற்றோலில்தான் கிளப்ப வேண்டும். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அடிக்கடி நிறுத்திக் கிளப்பும் தொழிலில் பெற்றோல் செலவும் ஏறும், பிளக்கும் கரி பிடிக்கும். மின்மோட்டாருக்குச் சூடேறும் காலம் என்று ஒன்று கிடையாது. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் கொடுக்கும். துறைமுகச் சுவருக்கும் மற்றப் படகுகளுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக நகர்த்தும் வேலைக்கு அதைவிடப் பணிவான இயந்திரம் இல்லை. டீசல் மோசமாகச் செய்யும் வேலையை மின்மோட்டார் நன்றாகச் செய்கிறது; டீசல் நன்றாகச் செய்யும் நெடும்பயணத்தைக் காற்று செய்கிறது. இந்தப் பங்கீடுதான் மாற்றத்தின் அடிப்படை.

மாற்றம் நடக்கும் விதம் பலர் நினைப்பதைவிட எளியது, சில இடங்களில் மட்டும் மிகக் கவனமானது. இருபது குதிரைவலு டீசல் எஞ்சின் நூற்று முப்பது கிலோ அளவு எடை. அதைத் தூக்கியதும் அதோடு தாங்கி, வடிகட்டி, புகைக்குழாய், கடல்நீர் உறிஞ்சும் குழாய் எல்லாம் போகும். அடிப்பகுதியில் நீர் உள்வந்த துளையை அடைப்பது முதல் நல்ல காரியம். படகு மூழ்கக்கூடிய வழிகளில் ஒன்று அத்தோடு ஒழிகிறது. பின்புறத் தண்டும் அதன் குழலும் விசிறியும் பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். பழைய எஞ்சின் உட்கார்ந்த அதே மேடையில் ஓர் இரும்புச் சட்டம் வைத்து, பத்துக் கிலோவாற்று மோட்டாரை வார்ப்பட்டியால் தண்டோடு இணைப்பார்கள். அந்த இணைப்பு மோட்டாரின் சுழற்சியைப் பாதியாகக் குறைத்துத் தண்டுக்குக் கொடுக்கும். 48 வோல்ட் முறையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் பாதுகாப்பு. ஈரக் கை பட்டாலும் உயிருக்கு ஆபத்து குறைந்த மட்டம் அது. ஆனால் அதற்கொரு விலை உண்டு. 48 வோல்ட்டில் பத்துக் கிலோவாற்று என்றால் இருநூறு அம்பியருக்கு மேல் மின்னோட்டம். விரல் தடிமனில் கம்பி வேண்டும். அது வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும். முனைப்பிடி ஒன்று தளர்ந்தாலும் உப்புப் பச்சை பிடித்தாலும் அந்த இடம் அடுப்பாகிவிடும். பற்றரிக்கு மிக அருகிலேயே உருகி இருக்க வேண்டும். ஒவ்வொரு கலத்தின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பலகை இருக்க வேண்டும். தெருவோர முச்சக்கர வண்டிப் பற்றரியைக் கொண்டுவந்து வயரைச் சுற்றிவிடும் வேலை இது அல்ல. டீசலில் கவனக்குறைவு எஞ்சினைக் கெடுக்கும். இங்கே அது படகை எரிக்கும்.

எரியும் என்பதற்கு நோர்வேயிலேயே சான்று இருக்கிறது. மின்சாரக் கப்பலில் உலகுக்கு முன்னோடி அந்த நாடு. 2015இல் ஓடத் தொடங்கிய அம்பேர் என்ற மின்சார வாகனப் படகு அங்கேதான் பிறந்தது. அதே நாட்டில் 2019 ஒக்டோபரில் இட்டரோய்னிங்கன் என்ற படகின் பற்றரி அறையில் குளிர்விக்கும் திரவம் கசிந்து தீப்பிடித்தது. தேங்கிய வாயு பிறகு வெடித்தது. 2021 மார்ச்சில் பிரிம் என்ற சுற்றுலாப் படகில் காற்றுவழி ஊடாகக் கடல்நீர் பற்றரிக்குள் இறங்கித் தீ மூண்டது. இவ்விரண்டையும் காட்டி 'பற்றரி வேண்டாம்' என்பவர்களுக்கு என் பதில்: இரண்டு விபத்திலும் குற்றவாளி திரவம் புகுந்த வழிதான். நீர் புகாத பெட்டி, உயரத்தில் வைத்த காற்றுவழி, இரும்புப் பொஸ்பேற்று வகைக் கலம், பற்றரி அறையில் வெப்ப எச்சரிக்கை ஆகிய நான்கையும் சட்டமாக்கினால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கும். கொழும்பு முழுவதும் அலை உடைக்கும் திறந்த கரை. இங்கே உப்புநீர் புகாது என்று எதிர்பார்ப்பது மடமை, புகும் என்று வைத்துக் கட்டுவதே முறை. இந்த விதிகள் எழுதப்படும் முன்பே மானியம் கொடுத்து மோட்டார்களைப் பரப்பிவிட்டால், முதல் தீ விபத்து முழுத் திட்டத்தையும் எரித்துவிடும்.

மின்சாரப் பக்கத்தில் நிற்பவர்களின் ஒரு மிகைக் கூற்றையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. பாயில் ஓடும்போது விசிறி தானாகச் சுழன்று பற்றரியை நிரப்பும், ஆகவே எல்லையில்லாமல் ஓடலாம் என்கிறார்கள். நிரப்பும் என்பது உண்மை. ஆனால் முப்பது அடிப் படகு மணிக்கு ஆறு கடல் மைலில் ஓடும்போது கிடைப்பது சில நூறு வாற்றுதான், அதற்கும் படகின் வேகம் சற்றுக் குறையும். இதைப் பெரிய அளவில் சோதித்தவர் ஜிம்மி கோர்னெல், நெடுங்கடல் பயணிகள் பலருக்கு ஆசான் போன்றவர். மகெலன், எல்கானோ பயணத்தின் ஐந்நூறாம் ஆண்டை ஒட்டி, எரிபொருளே இல்லாமல் உலகைச் சுற்றுவதென்று அவெஞ்சுரா சீரோ என்ற இரட்டை உடல் படகில் 2020இன் இறுதியில் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டார். பின்லாந்தின் ஓஷன்வோல்ட் மோட்டார்கள், சூரியத் தகடுகள் எல்லாம் இருந்தன. சமையலிலிருந்து தானியங்கிச் சுக்கான் வரை அனைத்தும் மின்சாரத்தில். கனேரித் தீவுகளுக்கு அப்பால் அந்தப் பயணம் போகவில்லை. செலவான அளவுக்கு மின்சாரம் விளையவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லித் திரும்பினார். இந்தத் தோல்வியை மறைக்கத் தேவையில்லை. அவர் படகு அல்ல, அவர் வைத்த இலக்குதான் தோற்றது. சமுத்திரத்தைக் கடக்கிறவர் சிறிய டீசல் மின்பிறப்பாக்கி ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளட்டும். காலையில் போய் மாலையில் துறை சேரும் படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது இரவு முழுதும் கரையில் கட்டிக் கிடக்கிறது, கம்பியைச் செருகினால் நிரம்பிவிடும். கொழும்பு வெயிலில் ஐந்நூறு வாற்றுத் தகடு ஒன்று நாளுக்கு இரண்டு அலகு அளவு தரும். மணிக்கு நாலு கடல் மைலில் அது ஒரு மணித்தியால ஓட்டம். பாய்ப்படகுக்கு அன்றாடம் வேண்டியதே அவ்வளவுதான்.

குறுகிய தூரம், நிதான வேகம் என்ற நிபந்தனை நிறைவேறினால் பாய்கூட வேண்டியதில்லை என்பதற்குச் சான்று நமக்கு மிக அருகே இருக்கிறது. பெரியாரின் பெயரோடு நம் மனதில் பதிந்த வைக்கம்தான் இடம். அங்கே வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்கு ஓடும் ஆதித்யா, கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டியது. 2017 ஜனவரியில் சேவைக்கு வந்த அந்தப் படகில் 75 பேர் போகலாம். கூரையில் 20 கிலோவாற்று சூரியத் தகடு, அடியில் 50 அலகு பற்றரி, இரண்டு மோட்டார். வேகம் மணிக்கு ஐந்தரைக் கடல் மைல் அளவு. 2020இல் மின்சாரப் படகுகளுக்கான சர்வதேச விருது ஒன்று அதற்குக் கிடைத்தது. விருதின் பெயரிலுள்ள குஸ்தாவ் துரூவே, 1881இல் பாரிஸின் சேன் நதியில் மின்மோட்டார்ப் படகு ஓட்டிக்காட்டியவர். டீசல் எஞ்சின் பிறப்பதற்கே முன்னால். ஆதித்யாவைப் பார்த்தால் காலி வீதியையும் ரயில் பாதையையும் அடியால் கடந்து கடலில் விழும் வெள்ளவத்தைக் கால்வாய் நினைவுக்கு வராமல் இருக்காது. வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லை வரை பயணிகள் படகு என்பது நீண்டகாலமாகப் பேசப்படும் திட்டம். மெதுவாகத்தான் ஓட வேண்டும், இல்லாவிட்டால் எழும் அலை கரையை அரிக்கும். வீடுகளின் சமையலறை ஜன்னலுக்கு மூன்று பாகம் தள்ளி ஓடும் படகு புகையும் இரைச்சலும் இல்லாமல் ஓட வேண்டும். ஒரே வழி, ஒரே தூரம், இரு முனையிலும் துறை. மின்மோட்டாருக்கு இதைவிட ஏற்ற நீர்வழி இந்த நகரத்தில் இல்லை. விசிறியில் சுற்றிக்கொள்ளும் நீர்த்தாவரமும் பொலித்தீனும்தான் அங்கே உண்மையான எதிரி. கால்வாயைத் துப்புரவாக வைக்காமல் எந்த எஞ்சினையும் அங்கே ஓட்ட முடியாது.

இரண்டு எதிர்வாதங்களை இலேசாகத் தள்ள முடியாது. முதலாவது, 2022இல் எண்ணெய் மட்டுமா இல்லாமல் போனது, மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டும் இருந்ததே என்பது. அதோடு மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. உண்மைதான். ஆனால் மின்வெட்டு உள்ள நாளிலும் பதினொரு மணித்தியாலம் மின்சாரம் இருந்தது; பற்றரிக்கு அதுவே போதும். எண்ணெய் இல்லாத நாளில் தாங்கியை நிரப்ப எந்த நேரமும் இல்லை. விலையிலும், அன்று லீற்றர் 340 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய்க்கு எதிராக மூன்று அலகு மின்சாரம் தோற்றிருக்க வேண்டுமானால் அலகு ஒன்றின் விலை 113 ரூபாவைத் தாண்டியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சின் டீசல் எஞ்சினைவிட வீண்செலவானது என்பதால் உண்மையான எல்லை அதற்கும் மேலே. இதையொட்டியே, நம் மின்சாரம் நுரைச்சோலையின் நிலக்கரியிலிருந்து வருகிறதே, புகை இடம் மாறுகிறது அவ்வளவுதானே என்றும் கேட்கிறார்கள். சிறு டீசல் எஞ்சின் தண்டில் ஓர் அலகு வேலை தர ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியிடுகிறது. நிலக்கரி நிலையமும் அலகுக்கு ஏறத்தாழ அதே அளவுதான். முழுக்க நிலக்கரி என்றாலே கிட்டத்தட்டச் சமம். மகாவலியும் களனியின் மேல்நீரும் சூரியனும் சேர்ந்து தரும் பங்கைக் கணக்கில் எடுத்தால் மின்சாரம் தெளிவாக முந்துகிறது. கழிவு எண்ணெய் களப்பில் கலக்காது என்பது தனி இலாபம்.

இரண்டாவது எதிர்வாதம் உயிர் சம்பந்தப்பட்டது. சோளகக் காலத்தில் கொழும்புக் கரை முழுதும் காற்று கரையை நோக்கியே தள்ளும். பற்றரி தீர்ந்த படகு வெள்ளவத்தை ரயில் பாதையோரக் கற்களில்தான் போய் மோதும். இதற்குப் பதில் பாயிலேயே இருக்கிறது: பாய்ப்படகில் இரண்டு தனித்தனி உந்துவிசை இருக்கின்றன, ஒன்று போனால் மற்றது. எஞ்சின் மட்டும் உள்ள ஃபைபர் படகுக்கு அந்த இரண்டாம் கை இல்லை. ஆனாலும் பற்றரியில் மூன்றில் ஒரு பங்கைக் கரை சேரும் வரை தொடுவதில்லை என்ற விதி வேண்டும். சோளகத்தில் தோணியைக் கட்டிவைத்த பழைய ஒழுக்கமும் வேண்டும். பாயில்லாத ஃபைபர் படகை, அலை உடையும் கரையிலிருந்து தினமும் ஆழ்கடல் போய்வரும் படகை, மின்சாரத்துக்கு மாற்றச் சொல்ல நான் தயாரில்லை. வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் பலநாள் படகைப் பற்றிப் பேச்சே இல்லை. அவற்றுக்கு இன்றைய பற்றரி போதாது. தொடங்க வேண்டிய இடங்கள் வேறு: 3,200 ஹெக்டயர் பரந்த, ஆழம் குறைந்த நீர்கொழும்புக் களப்பின் ஓடங்கள், கால்வாய்ப் படகுகள், உல்லாசப் பாய்ப்படகுகள்.

மீதி இருப்பது பணமும் கைத்திறனும். கைத்திறன் இல்லை என்பவர்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பக்கம் ஒருமுறை பார்க்க வேண்டும். கொழும்பு டொக்யார்ட் நிறுவனம் நோர்வேயின் மிஸ்யே எக்கோ பல்க் நிறுவனத்துக்காகப் பற்றரியும் டீசலும் இணைந்து இயங்கும் சரக்குக் கப்பல்களைக் கட்டியது. அவற்றில் மூத்தது மிஸ்யே விட்டா. ஐயாயிரம் தொன் கப்பலில் அந்த வேலையைச் செய்த கைகளுக்கு ஐந்து தொன் படகு பாரமில்லை. படகைச் சோதிக்க மட்டக்குளி காக்கைதீவில் நாரா எனும் நீரியல்வள ஆய்வு நிறுவனம் இருக்கிறது. படகு கட்ட, காரைநகரில் நோர்வே உதவியோடு தோன்றிய சீநோர் இருக்கிறது. பணம்தான் கடினமான முடிச்சு. எண்ணெயை அன்றன்று வாங்கலாம்; பற்றரியோ பத்து ஆண்டுக்கான எரிபொருளை ஒரே நாளில் வாங்குவது போன்றது. அன்றாடம் பிடித்து அன்றாடம் விற்கும் ஒருவரால் அதை முன்கூட்டிக் கொடுக்க முடியாது. 1958இல் படகுகளைத் தவணையில் கொடுத்த அனுபவம் நமக்கு உண்டு; தவணை ஒழுங்காகத் திரும்பவில்லை என்ற அனுபவமும் அதோடு உண்டு. ஆகவே பற்றரியை மீனவருக்கு விற்கவே கூடாது என்பது என் கருத்து. மோட்டார் படகுக்காரருடையது, பற்றரி கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தினுடையது என்று பிரிக்கலாம். துறையில் சங்கத்தின் கொட்டகை, கூரையில் சூரியத் தகடு. காலையில் நிரம்பிய பெட்டியை எடுத்துப் போய் மாலையில் வெறும் பெட்டியைக் கொடுத்துவிட்டு, செலவான அலகுக்கு மட்டும் காசு கட்டும் முறை. எண்ணெய்க்குக் கட்டிய அதே நாளாந்தக் காசு, அதைவிடக் குறைவாக. பற்றரி பழுதானால் நட்டம் ஒரு குடும்பத்தின் தலையில் விழாது. பழைய பற்றரியைக் களப்பில் எறியாமல் திரும்ப எடுக்கும் பொறுப்பும் ஓர் இடத்தில் நிற்கும். அந்தக் கொட்டகைக்கான மின் இணைப்பை எந்தக் கட்டண வகுப்பில் தருவது என்பதை மின்சார சபையும் கடற்றொழில் அமைச்சும் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். அந்தக் கட்டண வகுப்புகளின் கதையை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.